தற்காலிகக் குரல்

அன்புள்ள ஜெஸி,

நேற்று நான் கோபித்துக்கொண்டு எழுந்து போனதாக நினைத்திருப்பாய். சின்னசேலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னதும் சாக்குதான்.

மூன்று பேராகத் துணிந்த அனிமேஷன் படம் அது. என் பிள்ளை ராபினின் முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்ததுமே நீயும், ஒலி வேலை பார்க்கும் பாரதியும் மறுபடி படவேலையில் உட்கார்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. படத்தில் வெள்ளிமலை ஜீப்பில் பலாப்பழங்களுக்கு நடுவே குடையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் அந்த டீச்சரம்மாவுக்கு நான் குரல் கொடுக்க வேண்டும் என்றாய். வந்தேன். ராபின் அவளுக்காகத் தற்காலிகமாகப் பேசிப் பதிந்து வைத்திருந்ததை முதலில் போட்டுக் காட்டினீர்கள்.

"இன்னாடா, மழைல நனைஞ்சிக்கினு வர? புத்தி கம்மியா உனக்கு?"

என்னைப் போலப் பேசுகிறானாம்! நான் என்றைக்கு 'இன்னா' என்றேன்? பாரதி சிரித்தான். இத்தனை நாளுக்குப் பிறகு நீயும் சிரித்தாய்.

"உங்க குரல் வந்துட்டா இத அழிச்சிடுவோம்மா," என்றான் பாரதி. அப்போதுதான் எழுந்தேன்.

அதை அழிக்காதே. ராபின் பேசியிருப்பதற்கு ஏற்றபடியே அவள் உதடுகளை வரைந்துவிடு. அம்மாவுக்கு ஆண் குரலா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கடைசிக் காட்சியில் அவள் மலைச்சரிவைப் பார்த்து, "தம்பி, வூட்டுக்கு வாடா" என்று மகனைக் கூப்பிடுகிறாள் அல்லவா? அதை நான் சொல்ல மாட்டேன், ஜெஸி. சொன்னால் பதிலுக்குக் காத்திருப்பேன்.

உன் அத்தை