ஜோடி பேட்டரியும் பாலாற்று மணலும்

1983, ஆவணி 26, ஞாயிறு

மேகம் உண்டு, மழை இல்லை. காலையில் ஜீப் எழவில்லை. ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகியது, பிறகு அதுவும் இல்லை. டீக்கடை ஆட்கள் நாலு பேர் தள்ளினார்கள். "இன்னா முனுசாமி, வண்டிக்கு மாடு வாங்கிடு!" ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

இதை எழுத அரை மணி ஆயிற்று. முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் தினமும் எழுதச் சொன்னார். 'மழை' எழுதும்போது 'ழை'யை மெதுவாகப் போட்டேன். போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை போட்டது.

ஜீப் எனக்கும் பஷீர் பாய்க்கும் பொது. காட்டிலாகா ஏலத்தில் எடுத்த பழைய டீசல் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். பாலாற்று மணலைத் தாண்டி அக்கரை ஊர்களில் தோல் எடுத்து வர வேறு வண்டி ஆகாது. அடுத்த ஞாயிறு பக்ரீத். வீட்டுக்கு வீடு குர்பானி ஆட்டுத் தோலை மதரசாவுக்குக் கொடுப்பார்கள். அதை ஏற்றி வருவது எங்கள் வேலை.

போன வருஷம் ஆற்று நடுவில் வண்டி நின்றுவிட்டது. மணலில் யார் தள்ளுவது? சாயங்காலம் வரை வெயில். தோலைத் தொட்டால் முடி கையோடு வந்தது. அழுகின தோல். இந்த முறை நின்றால் அடுத்த வருஷத்திலிருந்து டிராக்டர் வைத்துக்கொள்வோம் என்று மதரசா மவுல்வி சொல்லிவிட்டார். தோல் வேலை போனால் ஜீப்பை விற்க வேண்டியதுதான்.

ஆவணி 27, திங்கள்

வெயில். குடியாத்தம் ரோடு பேட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் சேகர். எங்கள் வண்டிக்கு இரண்டு பேட்டரி, சீட்டுக்கு அடியில் பக்கத்துப் பக்கத்தில். சேகர் கண்ணாடிக் குழாயை விட்டு ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். உள்ளே சின்ன மிதவை. ஒன்றில் மிதந்தது. மற்றதில் அடியில் படுத்துவிட்டது. எனக்கு அது மீன் மாதிரி இருந்தது. திரும்பவும் காட்டச் சொன்னேன், காட்டினார்.

"இன்னா தண்ணி ஊத்துறீங்க?"

"வூட்டுக் கெணறுதான். வெள்ளிக்கிழமை தவறாம நானே ஊத்துவேன்," என்றார் பாய், பெருமையாக.

"தோல் ஷாப்பு பக்கத்து உப்புக் கெணறா? சரியாப் போச்சு. ஆட்டுத் தோலோட பேட்டரியையும் சேத்துப் பதம் போட்டுட்டீங்க பாய்."

பாய் சிரிக்கவில்லை.

சேகர் சொல்வது: இரண்டையும் மாற்ற வேண்டும். பழசோடு புதுசைக் கட்டினால் பழசு புதுசைக் குடித்துவிடும். பாய் சொல்வது: செத்தது ஒன்றுதானே.

"உயிரோட இருக்கறதத் தூக்கிப் போடுறதா? குனா இல்ல?"

"பாவம் புண்ணியம்லாம் எனக்குத் தெரியாது பாய். செல்ஃப் எடுக்குமா எடுக்காதா, அதான் தெரியும்."

முடிவு ஆகாமல் வந்துவிட்டோம். வண்டியைக் கடை ஆட்கள் தள்ளினார்கள்.

ஆவணி 28, செவ்வாய்

காற்று. மதியம் தூங்கினேன். கனவில் ஜீப் ஆற்றில் மிதந்தது. பாலாற்றில் கரை முட்டத் தண்ணீர், நான் துடுப்புப் போடுகிறேன். ஸ்டார்ட்டர் தேவையே இல்லை. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கை ஈரமாக இருப்பது போல.

வாங்கினால் எது? யோசித்தது:

பழைய பெட்டியில் புதுத் தகடு வைத்துத் தருவது. தார் பூசி மூடுவார்கள். குலுங்கினால் விரிசல் விடும்.

லாரி பேட்டரி ஒன்று, பெரிசு. நல்ல பலம். சீட்டுக்கு அடியில் நுழையாது.

புது ஜோடி. ஒரே சைஸ், ஒரே நாளில் ஆசிட் ஊற்றினது.

எனக்கு மூன்றாவது. பாயிடம் சொல்ல வாய் வரவில்லை. கடைத்தெருவில் போர்டுகளைப் படித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். 'இங்கே சைக்கிள் நிறுத்தாதீர்' என்று ஒன்று. இத்தனை வருஷம் அங்கேதான் நிறுத்தினேன்.

ஆவணி 29, புதன்

பாய் காலையில் வந்து வண்டியைக் கழுவலாம் என்றார். பின்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கினார். தகரத்தின் இடுக்கில் போன வருஷத்து முடி. கறுப்பு, வெள்ளை, கொத்தாக ஒட்டிக்கொண்டு. கரண்டியால் சுரண்டினார். போகவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"எல்லாம் ஜனங்க நேந்துகிட்டுக் குடுத்தது, முனுசாமி."

நான் விரிப்பை உதறி வெயிலில் போட்டேன்.

"ரெண்டும் புதுசே வாங்கு."

"நல்லாருக்கிற பழசு?"

"அத நான் வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். ரேடியோவுக்கு வெச்சிக்கறேன். குனா ஒட்டாது."

சாயங்காலம் புது ஜோடியை எடுத்தோம். ஆசிட் ஊற்றிக் கடையிலேயே மெதுவாக சார்ஜ் ஏற்ற வேண்டுமாம். பாய் அவசரப்படுத்தினார். "மெதுவா ஏறினாத்தான் நிக்கும்," என்றார் சேகர். எனக்கு எழுத்து ஏறியதும் அப்படித்தான்.

ஆவணி 31, வெள்ளி

கரண்ட் இல்லை. போனது, வந்தது, திரும்பப் போனது. பாய் தொழுகை முடிந்து நேராகப் பேட்டரிக் கடை. நானும் போய் உட்கார்ந்தேன். கரண்ட் இருக்கும்போது பேட்டரி பக்கத்தில் காது வைத்தால் உள்ளே சின்னக் கொதிப்பு. அரிசி வேகிற மாதிரி. இனிமேல் கிணற்றுத் தண்ணீர் இல்லை. மழை பெய்தால் மொட்டை மாடியில் எவர்சில்வர் அண்டா வைத்துப் பிடிப்பதாகப் பாய் சொன்னார். வானத்தைப் பார்த்தோம். நீலம்.

புரட்டாசி 1, சனி

பேட்டரி மாட்டும் நாள். என் மனைவி சரோஜா தட்டோடு கடைக்கே வந்தாள். மஞ்சள், குங்குமம், கற்பூரம். கற்பூரத்தைப் பேட்டரி மேலேயே வைத்துத் தீக்குச்சியை எடுத்துவிட்டாள். சேகர் ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஐயோ வேணாம்மா! இப்பதான் சார்ஜ்ல இருந்து எடுத்தது. வாயு வருது, வெடிச்சிடும்!"

"அப்ப சாமிக்கு இன்னா பண்றது?"

"எலுமிச்சம்பழம் போதும் தங்கச்சி," என்றார் பாய். "உங்க சாமி கோச்சிக்காது, நான் சொல்றேன்."

"நீங்க ரெண்டு பக்கமும் சிபாரிசு போல!"

எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி கிளம்பியது. தொட்டதும் எழுந்தது. இருந்தாலும் பாய் முகம் தெளியவில்லை. "ரோட்ல எழும். மணல்ல?"

புரட்டாசி 2, ஞாயிறு. பக்ரீத்

விடியலில் பனி மாதிரி ஒரு மூட்டம். தொழுகை முடிந்து பாய் புதுச் சட்டையோடு வந்தார். அக்கரை ஊர்கள் எல்லாம் சுற்றினோம். தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கினோம். எங்கேயும் இன்ஜினை அணைக்கவில்லை. பாய் விடவில்லை.

திரும்பும்போது ஆற்று நடுவில், பின்னால் கரையில் ஒரு அம்மா கையை ஆட்டி என்னவோ கத்தியது. இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

"அணைக்காத!" என்றார் பாய்.

அணைத்துவிட்டேன்.

"எங்க வூட்டுத் தோல வுட்டுட்டுப் போறீங்களே!"

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். இறங்கி மணலில் நடந்தார். நான் தனியாக. இவ்வளவு சத்தமின்மையை ஆற்று நடுவில் கேட்டதில்லை. மேலே பருந்து. மணல் வெள்ளையாக, கண்ணுக்கெட்டிய வரை. அடியில் எங்கேயோ தண்ணீர் போகிறது என்று தோன்றியது. பயமே இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

பாய் தோளில் தோலோடு வந்தார். ஏறினார். முன்னால் பார்த்தபடி, "போடு."

அழுத்தினேன். எழுந்தது.

மதரசா வாசலில் மவுல்வி ஒவ்வொரு தோலிலும் முடியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ஒரு முடிகூட வரவில்லை. "அடுத்த வருசமும் நீங்களே எடுத்துட்டு வாங்க," என்றார்.

காலி வண்டியோடு திரும்பினோம். பாய் கடைத்தெருவில் நிறுத்தி அணைக்கச் சொன்னார். போடச் சொன்னார். எழுந்தது. பாலத்தருகில் அணைக்கச் சொன்னார், போடச் சொன்னார். எழுந்தது. என் வீட்டு வாசலில் சரோஜா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "இன்னொரு தரம் அணைபா," என்றார். அணைத்தேன்.