எது முன்பக்கம்

மார்ச் 4

சர்வேயருக்கு,

இல்லை, கோபமெல்லாம் இல்லை. வரவில்லை என்றால் வரவில்லை, அவ்வளவுதான்.

மாளிகைக்கு முன்னால், பத்து மணிக்கு என்று எழுதியது நீ. விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போடுவதா, கிழித்துப் போடுவதா என்று அங்கே வைத்துப் பேசலாம் என்றதும் நீ. போனில் பேசினால் சண்டை, எழுதிக்கொள்வோம் என்ற ஏற்பாட்டை நான் மீறவில்லை. அழைக்கவில்லை.

ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். புல்வெளி. ஒரே உயரத்துக்கு வெட்டிய செடிகள். ஓடாத நீரூற்று. பிறகு உள்ளே சுற்றினேன். நாற்பது பேர் சாப்பிடும் மேசை. சுற்றிலும் கயிறு கட்டிய கட்டில். எதன் மேலும் உட்காரக் கூடாது. கடைசி வருடத்தில் நம் வீடு இருந்த மாதிரி.

இங்கே நலம்.

டீச்சர்


மார்ச் 9

என் டிராயிங் டீச்சரம்மாவுக்கு,

நீ வந்தாயா! சத்தியமாக நானும் வந்தேன். ஒன்பதே முக்காலிலிருந்து இரண்டு மணி வரை வாசற்படியில் நின்றேன். டிக்கெட் கிழிப்பவர் பார்த்துவிட்டு, "யாருக்கு சார் வெயிட்டிங், வீட்டம்மாவா? அப்ப இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும், போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். போகவில்லை. அந்த நேரம் பார்த்து நீ வந்துவிட்டால்?

ஆனால் நீ எழுதிய புல்வெளியும் நீரூற்றும் நான் நின்ற இடத்தில் இல்லையே. நேற்று மறுபடி போய் அவரையே கேட்டேன். சிரித்தார்.

"அது தோட்டத்துப் பக்கம் சார். இந்த வீட்டுக்கு முன்பக்கம் ரெண்டு. வண்டியில வர்றவங்களுக்கு ஒண்ணு, பூப் பாக்குறவங்களுக்கு ஒண்ணு. பின்பக்கம்னு ஒண்ணு கட்டவே இல்ல."

ரோடு எந்தப் பக்கமோ அதுதான் முன்பக்கம் என்று அளந்து அளந்து பழகிவிட்டேன். உனக்கு, வீட்டின் முகம் எங்கே அழகோ அது. நடுவில் ஒரே ஒரு கூடம்தான் டீச்சரம்மா. நீ கட்டிலைப் பார்த்தபோது நான் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு போவோமா? டிக்கெட் ஜன்னல் ஒன்றுதான், விசாரித்துவிட்டேன். தாளைக் கிழித்துவிடலாம்.

உன்
சர்வேயர்


மார்ச் 13

சர்வேயருக்கு,

இரண்டு முறை படித்தேன். சிரிப்பு வர வேண்டிய இடம் தெரிந்தது. வரவில்லை.

உன்மேல் தப்பில்லை. என்மேலும் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ வரவில்லை என்று நினைத்த அந்த மூன்று மணி நேரமும் எனக்கு எப்போது வலிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் ஊசி போட்டதும் கன்னத்தைத் தட்டிப் பார்ப்போமே, அப்படி. ஒன்றுமில்லை. பசித்தது. ஒரு பன் வாங்கித் தின்றேன்.

நீ வந்திருந்தாய் என்று இப்போது தெரியும். இப்போதும் அதேதான்.

நீ டீ குடிக்கக்கூடப் போகாமல் நின்றிருக்கிறாய். அப்படி நிற்கிற ஒருவனுக்கு எதிரில் இப்படி ஒருத்தி வந்து உட்காரக் கூடாது.

ஞாயிறு போகாதே. தாளில் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

டீச்சர்

பி.கு. கையெழுத்துப் போட்டு முடித்ததும் தூரிகைகளை எல்லாம் கழுவி, ஜன்னலோரம் காயவைத்தேன்.