ஐந்தாவது செடியின் முதல் மொட்டு

8-10-61, ஞாயிறு. அரிமளம்.

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். துணி பாதிதான் காய்ந்தது.

ஐந்தாவது செடியில் மொட்டு. இரண்டு. ஒன்று கொண்டைக்கடலை அளவு. இன்னொன்று மிளகு. காபி ஆறும்வரை நின்று பார்த்தேன்.

இவரிடம் சொன்னேன். "செம்பருத்தியில மொட்டு விடாம, முருங்கைக்காயா காய்க்கும்?" என்றார். போஸ்ட்மாஸ்டருக்கு எதுவுமே முத்திரை குத்தி அடுத்த ஊருக்குத் தள்ளுகிற சமாசாரம்தான்.

பின்னால் மறந்துபோகும், விவரம் எழுதிவைக்கிறேன். தாய்: இந்தக் கொல்லையில் நாங்கள் வரும்போதே இருந்த சிவப்பு, ஐந்து இதழ். தகப்பன்: அண்ணன் கண்டித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த மஞ்சள். போன வருஷம் சித்திரையில், தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, மஞ்சளின் மகரந்தத் தூளை எடுத்துச் சிவப்பின் சூல்முடியில் தடவி அடையாளத்துக்கு நீல நூல் கட்டினேன். ஒன்பது பூவுக்குச் செய்து ஒரே ஒரு காய் நின்றது. விதை பதினொன்று. முளைத்தது ஐந்து.

1 - கரையான்.
2, 3 - ஆடு. இரண்டும் ஒரே நாள்.
4 - ஆவணியில் பூத்தது. அச்சு அசல் தாய். அதே சிவப்பு. அன்று சோறு இறங்கவில்லை.
5 - இது.

மஞ்சள் செடி இந்தச் சித்திரை வெயிலில் பட்டுப்போயிற்று. இனி ஒரு தடவை தொடங்க முடியாது. இருப்பது இது ஒன்றுதான்.

10-10, செவ்வாய்.

பெரிய மொட்டு பட்டாணி ஆகிவிட்டது.

மாற்றல் வரும் என்று பேச்சு. தபால்காரர் புதுக்கோட்டையில் கேட்டுவந்து சொல்லியிருக்கிறார். ஆறு வருஷம் ஒரே ஊரில் விட்டுவைத்ததே அதிகமாம். இவர் மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். முன்பெல்லாம் மாற்றல் என்றால் எனக்கு அண்டா, குண்டான், அம்மிதான் ஞாபகம் வரும். இப்போது முதலில் கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

பயப்பட வேண்டியவை: மாவுப்பூச்சி. மழை. ஆடு. சிட்டம்மாள்.

சிட்டம்மாள் அடுத்த வீடு. அவள் புருஷன் மாட்டுவண்டி ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமைதோறும் தலைமுழுக நம் சிவப்புச் செடியில் இலை பறித்துப் போவாள். நல்லவள்தான். கைதான் சும்மா இராது.

இட்லிக்கு உளுந்து போட மறந்துவிட்டேன்.

13-10, வெள்ளி.

எழுதவே கை கூசுகிறது.

காலையில் அடுப்படியில் இருந்தேன். கொல்லையில் சடக்கென்று சத்தம். ஓடினால் சிட்டம்மாள். ஐந்தாவது செடியின் கீழ்க்கிளை ஒன்று, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறையாக, இலையோடு அவள் கையில். மொட்டுக் கிளை இல்லை. ஆனாலும் எனக்குக் கண் இருண்டுவிட்டது.

"யாரைக் கேட்டு ஒடிச்சே?"

"எலதானேக்கா. வாராவாரம் பறிக்கிறதுதானே. இங்கிட்டு உள்ளது நல்லா கொழகொழன்னு இருக்கேன்னு..."

"சொல்லாம ஒடிச்சா அதுக்குப் பேரு களவு."

தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "களவாங்கற அளவுக்கு வந்துருச்சாக்கா" என்றாள். குச்சியைக் கீழே போடவும் இல்லை, தரவும் இல்லை. கையிலே பிடித்தபடி போய்விட்டாள்.

அவளுக்கு என்ன தெரியும், இரண்டும் ஒரே இலைதான். நான் சொல்லிவைக்கவில்லை. கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. தப்பு என்மேல்தான். ஆனாலும் போய்ச் சொல்ல வாய் வரவில்லை.

14-10, சனி.

ராத்திரி முழுக்க மழை, விடிந்தும் விடவில்லை. பெரிய மொட்டு கீழே கிடக்கிறது. காம்பு மஞ்சளித்து, கணுவோடு கழன்று.

தகப்பன் புத்தி. அந்த மஞ்சளும் இப்படித்தான் பத்து மொட்டு விட்டு ஒன்பதைக் கொட்டும்.

சின்னது மட்டும் மிச்சம். முந்தானையை விரித்து அதன்மேல் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். பைத்தியக்காரத்தனம். அப்போது வாய் முந்திக்கொண்டது. "பிள்ளையாரப்பா, இந்த ஒண்ணை நிக்க வையி. மொதப் பூவை ஒனக்கே வச்சிர்றேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. தேங்காய் என்று சொல்லியிருக்கலாம். கொழுக்கட்டை என்று சொல்லியிருக்கலாம்.

17-10, செவ்வாய்.

மொட்டு நிற்கிறது. சுண்டைக்காய் அளவு. பழைய குடைத்துணியை நாலு குச்சியில் கட்டிவிட்டேன். "ஆபீஸ் கூரை ஒழுகுது, அதுக்கு ஒரு குடை இல்லை" என்கிறார் இவர்.

சிட்டம்மாள் கிணற்றடியில் பார்த்தும் பார்க்காதது போலப் போனாள்.

19-10, வியாழன்.

நேற்று சரஸ்வதி பூசை. இந்த நோட்டையும் பூசையில் வைத்துவிட்டேன், அதனால் எழுதவில்லை. கூடவே பஞ்சு சுற்றிய தீக்குச்சி, நீல நூல்கண்டு. இவர் ஆபீஸ் முத்திரையையும் தராசையும் வைத்தார். என் தீக்குச்சியைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். குங்குமத்தை எடுத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

நேற்று முழுவதும் மொட்டைப் பார்த்ததை எழுத முடியாமல் தவித்தேன். எழுதாவிட்டால் நடக்காதது போல் இருக்கிறது.

20-10, வெள்ளி.

உத்தரவு வந்துவிட்டது. மணமேல்குடி. ஒன்றாம் தேதி அங்கே சேர வேண்டும். திங்கட்கிழமை 30 கிளம்புவது.

கடற்கரை. மணல். உப்புக்காற்று.

மொட்டு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. விரல் விட்டு எண்ணினேன். பத்து நாள். பூக்கலாம், பூக்காமலும் போகலாம்.

22-10, ஞாயிறு.

இவருக்குப் பதிலாக வருகிறவர் வீடு பார்க்க வந்தார். குளத்தூர்க்காரர். மரியாதையான மனுஷர். காபியை நன்றாக இருக்கிறது என்றார். கொல்லைக்கு வந்து இப்படியும் அப்படியும் பார்த்தார். நேராக ஐந்தாவது செடியிடம் வந்து நின்று, "மாட்டைக் கட்ட இந்த எடம் தோதா இருக்கும்ங்க. தண்ணி பக்கத்துல" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

24-10, செவ்வாய்.

பெயர்த்துக்கொண்டு போகலாமா என்று இவரே கடப்பாரை எடுத்துத் தோண்டிப் பார்த்தார். ஒரு முழத்துக்குக் கீழே செம்புறாங்கல். வேர் கல்லின் வெடிப்புக்குள் இறங்கியிருக்கிறது. இழுத்தால் அறும். மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம். தோண்டியதில் மொட்டு அதிர்ந்திருக்குமோ என்று மாலை வரை பயம். ஏழெட்டுத் தடவை போய்ப் பார்த்திருப்பேன்.

"ஒரு பூ போனா இன்னொண்ணு பூக்கப் போகுது, இதுக்கு ஏன் இப்பிடி அலையிறே?" என்றார். இவருக்கு எப்படிச் சொல்வது. கல்யாணம் ஆனது முதல் ஏழு ஊர். எல்லா ஊரிலும் விதை போட்டேன், காய்க்கும்போது வேறொருத்தி பறித்தாள். அவரை, புடலை, எலுமிச்சை எல்லாம் அப்படித்தான். அதெல்லாம் எங்கும் கிடைக்கிறவை. இது ஒன்றுதான் நான் செய்யாவிட்டால் உலகத்திலேயே இல்லாதது.

சொல்லவில்லை. எழுதுகிறேன்.

25-10, புதன்.

மொட்டின் நுனியில் நிறம் தெரிகிறது. சிவப்பு இல்லை. நிச்சயமாகச் சிவப்பு இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மஞ்சளும் இல்லை.

பாத்திரம் கட்டினேன். எண்ணி எழுதவில்லை.

26-10, வியாழன்.

மொட்டு விரல் நீளம். சுருட்டி வைத்த பட்டு மாதிரி. நாளைக் காலை விரிந்துவிடும். வெள்ளிக்கிழமை.

இப்போது இன்னொரு கவலை. சொன்ன சொல். சாமிக்கு என்றால் விடியுமுன் பறிக்க வேண்டும். முகரக்கூடாது. செடியில் முழுதாக விரிந்து நான் பார்க்கவே முடியாது. வேறு மொட்டு இல்லை. திங்கள் கிளம்புகிறோம்.

யாரும் கேட்கவில்லை நான் வேண்டிக்கொண்டதை. மழைச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்டிருக்காது. அடுத்துப் பூப்பதை யாரையாவது விட்டு வைக்கச் சொன்னால் பிள்ளையார் கணக்கா பார்க்கப் போகிறார்? பெரிய வயிறு, பெரிய மனசு.

ஆனால் அந்த மொட்டு இன்றுவரை நிற்கிறது. அதுதான் தொந்தரவு.

27-10, வெள்ளி.

பறித்துவிட்டேன்.

ஐந்து மணி. பாதி விரிந்திருந்தது. காம்போடு கிள்ளி, தாம்பாளத்தில் வைத்து, வாழையிலை மூடி எடுத்துப்போனேன். பார்க்கக்கூடாது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் வாய்க்காலில் கால் வைத்துவிட்டேன்.

பூசை செய்கிற பண்டாரம் இலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, இந்த நெறத்துல நான் பார்த்ததில்லையே" என்றார். எண்ணெய்க் கறுப்பில் இருந்த பிள்ளையார் தலையில் வைத்தார். நான் தூண் ஓரமாக நின்றுவிட்டேன்.

செம்பருத்தியைப் பறித்தாலும் அது பாட்டுக்கு விரியும், தண்ணீர்கூட வேண்டாம். தினம் பறிக்கிறவளுக்கு இது ஞாபகம் வரவில்லை பாருங்கள். ஆறரை, ஏழு, ஏழரை. அங்கே, அவர் தலையில், என் கண் முன்னால் விரிந்தது.

நிறம்: பனம்பழத்தின் உள்சதை. ஓரம் வெளிறிய மஞ்சள், லேசாகச் சுருக்கம். நடுவே கறுத்த சிவப்பு, கீறல் கீறலாக வெளியே ஓடுகிறது. அகலம் என் சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவு. இதழ் தடிப்பு.

அழுதேன். கோயிலில் அழுதால் யாரும் காரணம் கேட்பதில்லை, அது ஒரு வசதி.

வெள்ளிக்கிழமைக் கூட்டம். வந்தவள் எல்லாம் கும்பிட்ட கையோடு அதையே பார்த்தாள். "யாரு வீட்டுப் பூ சாமி?" என்று கேட்டார்கள். பண்டாரம் ஒவ்வொருத்தியிடமும் "போஸ்ட்மாஸ்டர் வீட்டுப் பூ" என்றார். சந்தோஷம்தான். ஒரு மூலையில் சுருக்கென்றது. போஸ்ட்மாஸ்டர் அதன் பக்கம் வந்தது தோண்டிப் பார்த்த அன்று மட்டும்தான்.

28-10, சனி.

காலையிலிருந்து பெண்கள். "ஒரு குச்சி ஒடிச்சுத் தாங்கக்கா." இந்த ஊரில் செம்பருத்திக் குச்சி கேட்டு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இவருடைய ஆபீஸ் பேனாக்கத்தியால் நானே வெட்டிக் கொடுத்தேன். ஏழு பேர். எனக்கு ஐந்து. ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். செடி மொட்டையாக நிற்கிறது.

சிட்டம்மாள் வரவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் அவள் சேலை தெரிந்தது.

29-10, ஞாயிறு.

என் குச்சிகளில் இரண்டு நுனி கறுத்துவிட்டது. பூத்த செடியின் குச்சி லேசில் பிடிக்காது என்று ஏழு பேரில் ஒருத்தி இன்று வந்து சொல்லிவிட்டுப் போனாள். நேற்றே சொல்லியிருக்கலாம்.

அந்த ஏழு பேரும் நட்டார்களோ, கூடத்தில் போட்டுவிட்டு மறந்தார்களோ. போய்ப் பார்க்க வெட்கம். ஒரு வீட்டில் எட்டிப் பார்த்தேன். அடுப்பு மேடையில் கிடந்தது. வெண்டைக்காயோடு.

தூக்கம் வராது.

30-10, திங்கள்.

வண்டிக்குக் காத்திருக்கிறோம். மூட்டையின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிட்டம்மாள் வந்தாள். இடுப்பில் வாயுடைந்த பானை. அதில் மண். மண்ணில் ஒரு குச்சி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று கணுவில் பச்சை. ஒன்றில் இலையே விரிந்துவிட்டது, சுண்டுவிரல் நகம் அளவு.

"அன்னைக்கி ஒடிச்சதுக்கா. எலைய உருவித் தலைக்கித் தேச்சுப்புட்டேன். குச்சியத் தூரப் போட மனசு வரல. களவுன்னு சொல்லிட்டீக, திருப்பிக் குடுக்கணும்ல. துணி தொவைக்கிற தண்ணி போற எடத்துல ஊணி வச்சேன். நேத்துத்தான் பானைக்கி மாத்துனேன், வெள்ளை வேரு விட்டுருக்கு."

வாங்கினேன். கையில் கனமாக இருந்தது. அன்று பேசியது தப்பு என்றேன். தெருவில் சொன்னதைத் தெருவிலேயே சொன்னேன், நாலு பேர் கேட்கும்படி.

பிறகு பானையை அவளிடமே கொடுத்துவிட்டேன். வேர் விட்ட ஒன்றை உப்புக்காற்றுக்குக் கொண்டுபோகத் தைரியம் இல்லை. "ஒங்கிட்டயே இருக்கட்டும் சிட்டு. என்னோடது அஞ்சும் செத்துட்டா தபால்காரருக்கு எழுதுறேன், அவரு வந்து சொன்னா ஒரு குச்சி அனுப்பு."

"சரிக்கா" என்றாள். பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "கேக்குறவுகளுக்கு என்ன பூன்னு சொல்லட்டும்? போஸ்ட்மாஸ்டர் பூன்னா, நாளைக்கி வாரவுகளும் போஸ்ட்மாஸ்டருதானே. ஒங்க பேரு என்னக்கா? இம்புட்டு வருசமா கேக்கவே இல்ல."

சொன்னேன். இந்த ஊரில் என் பேரை நானே சொன்னது இதுதான் முதல் தடவை.

இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வண்டி வந்துவிட்டது.