ஆற்றங்கரையில் நால்வர் காத்திருக்கிறார்கள்

என் சிவம்,

உன் குதிரைக்காரர் நால்வரும் இப்போது என் சமையலறை மேசையில் இருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வாசுகி வைலே நகரிலிருந்து காரில் வந்து, ஒரு துணிப்பையை வைத்துவிட்டுப் போனாள். உள்ளே நீல மட்டைக் கொப்பிகள் ஆறு. எல்லாம் உன் கையெழுத்து. எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டுகிறவனைப் போல முன்னால் குனிந்து போகும் எழுத்து.

இந்தக் கடிதத்தை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்கு உன் கூட்டத்தைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ஓய்வு பெற்றாலும் ஆசிரியன் ஆசிரியன்தானே.

முப்பது வருடத்துக்கும் முன்பு நீ டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில், திரைச்சீலை தைக்கிற தொழிற்சாலையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாய். டெனிஷ் மொழி படிக்க நீ வகுப்புப் புத்தகத்தை நம்பவில்லை. பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி நிறைய மலிவுக் கௌபாய்ப் புத்தகங்களை வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாய். அதனால் ‘வதிவிட அனுமதி’க்கு டெனிஷ் தெரிவதற்கு முன்பே ‘கையைத் தூக்கு’ என்பதற்கு உனக்கு டெனிஷ் தெரிந்திருந்தது.

அந்தப் பெட்டி முடிந்ததும் நீயே எழுதத் தொடங்கினாய். தனிக்குதிரைக் கூட்டம். பழைய அமெரிக்காவின் மேற்கு எல்லையில் துப்பாக்கியோடு ஊர் ஊராகத் திரிகிற ஐந்து துவக்குக்காரர். ஷெரீப்பின் ஆட்களும் இல்லை, பண்ணை முதலாளிகளின் ஆட்களும் இல்லை. கூப்பிட்டால் வருவார்கள், வேலை முடிந்தால் போவார்கள். தலைவன் ஜேக். பிறகு ரோசி, குள்ள பில், ஒற்றைக்கை டொம். ஐந்தாவது ஆள் ஒரு முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியர். பெயரே வாத்தி.

அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். எந்த வேலையானாலும் ஐந்து பேரும் தனித்தனியே “ஓம்” சொல்ல வேண்டும். ஒருவர் “இல்லை” என்றாலும் ஐந்து குதிரைகளும் திரும்பிவிடும்.

உன் அமெரிக்காவில் எப்போதும் மழை பெய்தது, நினைவிருக்கிறதா? “அரிசோனா பாலைவனமடா, ஏன் எல்லாரும் நனைஞ்சுகொண்டு திரியினம்?” என்று கேட்டேன். “நான் பாத்த வெளி இந்த ஜூட்லாண்ட்தானே, மாஸ்ரர்? எனக்குத் தெரிஞ்ச மழையைத்தான் நான் பெய்ய வைக்கலாம்” என்றாய்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நான் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகையில் அது தொடராக வந்தது. நாம் வேலை செய்த முறையை இன்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீ நால்வரின் பேச்சையும் எழுதுவாய். வாத்தி பேச வேண்டிய இடத்தில் மட்டும் புள்ளிக்கோடு போட்டு, கொப்பியை என்னிடம் தருவாய். நான் அந்தக் கோட்டை நிரப்புவேன். முதல் தடவை பழக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதிவிட்டேன். “சிவப்பை விடுங்கோ, மாஸ்ரர். வாத்திக்கு வெடி பட்ட மாதிரிக் கிடக்கு” என்றாய்.

என் வாத்தி உதாரணம் சொல்லாமல் எதையும் செய்ய மாட்டான். துவக்கை உருவுவதற்கு முன்பும் “உதாரணத்துக்கு” என்றுதான் தொடங்குவான். குள்ள பில்லை விட்டு நீ அதற்குப் பதில் எழுதினாய்: “இவன் உதாரணம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதிராளிக்கு நரைச்சுப் போகும்.” நகல் எடுக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நாம் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

இனி நான் சொல்ல வேண்டியது கடினமானது. நாம் முப்பது வருடம் பேசாமல் விட்டது.

அந்தத் தொடரில் சில குடும்பங்கள் ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தன. பண்ணை முதலாளியின் ஆட்கள் அவர்களின் வீடுகளை எரித்திருந்தார்கள். பனி விழுவதற்கு முன்பு ஆற்றைக் கடந்தாக வேண்டும். கடந்து முடிகிற வரைக்கும் பின்னால் யாராவது துவக்கோடு நிற்க வேண்டும். நிற்பீர்களா என்று ஐவரிடமும் கேட்டார்கள்.

அந்த இதழ் வெளியானதும் எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது. ஒரு தகப்பன் கேட்டார்: “மாஸ்ரர், உந்த ஐஞ்சு பேரும் ஆர்? எந்தப் பக்கத்து ஆக்கள்?”

“அமெரிக்கா ஆக்கள்.”

“வீட்டை எரிக்க, சனம் மூட்டை முடிச்சோட ஆறு கடக்குது. இது அமெரிக்காவோ? எங்கட ஊர்க் கதை எண்டு எங்களுக்கு விளங்காதோ?”

இன்னொருவர் நேர் எதிர்க் காரணத்துக்காகக் கோபப்பட்டார். யார் பக்கமும் சேராத துவக்குக்காரரை நல்லவர்களாகக் காட்டுவது யாருக்கு அடிக்கிற அடி என்று கேட்டார். ஒரு தாய் மட்டும் அழுதாள். “துவக்குச் சத்தத்துக்குத்தானே ஓடி வந்தனாங்கள். பிள்ளையளுக்கு ஏன் அதை?” அவள் கேட்டதில் பிழை இல்லை. இன்றைக்கும் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் “நான் பாத்துக்கொள்ளுறன்” என்றேன். உன்னிடம் வந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த கொப்பி உன்னிடமிருந்து வந்தது. நால்வரும் “ஓம்” சொல்லியிருந்தார்கள். வாத்திக்குப் புள்ளிக்கோடு. நான் அதில் “இல்லை” என்று எழுதினேன். ஒரே ஒரு சொல். கூட்டத்தின் சட்டப்படி கதை முடிந்தது. யாரும் நிறுத்தியதாகவும் இல்லை, யாருக்கும் நோகவும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்தேன், சிவம்.

நீ அந்த இதழின் பிரதியை நகல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றே வாசித்தாய். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாய். அன்று மழை என்பதால் உன்னை வீட்டில் இறக்கிவிட்டேன். வழி முழுக்கத் தொழிற்சாலையில் வந்த புது இயந்திரத்தைப் பற்றிக் கதைத்தாய். காரை விட்டு இறங்கும்போது, கதவில் கையை வைத்துக்கொண்டு ஒன்று சொன்னாய்.

“சனம் ஆத்தங்கரையில நிக்குது, மாஸ்ரர்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை தேநீர், எத்தனை கலியாண வீடு, எத்தனை ரயில் பயணம்! ஒருநாளும் நீ அதைக் கேட்கவில்லை. போன வருடம் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபோது, “இப்பவும் எழுதுறனீங்களோ?” என்று கேட்டாய். “மருந்துச் சீட்டில கையெழுத்துப் போடுறதோட சரி” என்றேன். சிரித்தாய். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

இப்போது கொப்பிகளுக்கு வருகிறேன். நான் எழுதிய “இல்லை”யோடு குதிரைகள் திரும்பிவிட்டன என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். முதல் கொப்பியின் முதல் பக்கத்தில் நீ எழுதியிருப்பது இது:

‘வாத்தி “இல்லை” என்றான். டொம் கடிவாளத்தைப் பிடித்தான். “பொறு,” என்றான் ஜேக். “அவன் இன்னும் சொல்லி முடிக்கேல்லை. உதாரணம் வரேல்லையே.”’

சிவம், அந்த வரியை வாசித்துவிட்டு எழுந்து போய்ச் சும்மா கேத்திலில் தண்ணீர் வைத்தேன்.

ஆறு கொப்பிகளிலும் அவர்கள் காத்திருக்கிறார்கள். ரோசி தொப்பியைத் தைக்கிறாள். உன் தொழிற்சாலைத் தையலை அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறாய். கரையில் ஒரு குழந்தை பிறக்கிறது. குள்ள பில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, “வாத்தி உதாரணத்தைத் தேடி ஊருக்குப் போயிட்டானோ?” என்று கேட்கிறான். “தேடட்டும். நல்ல உதாரணத்துக்கு நாள் எடுக்கும்” என்கிறான் ஜேக். முப்பது வருடமாக அந்த ஆற்றங்கரையில் இலையுதிர் காலத்தின் கடைசிக் கிழமை. ஒரு பொட்டுப் பனியும் நீ விழவிடவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் ‘வாத்தி’ என்று எழுதி, புள்ளிக்கோடு.

வாசுகி முதல் கொப்பியை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறாள். சனிக்கிழமை வகுப்பில் என்னிடம் படித்த தமிழ்தான். அன்று பையை வைத்துவிட்டுக் கேட்டாள்:

“மாஸ்ரர் மாமா, அப்பா ஏன் எல்லா இடமும் புள்ளி புள்ளியா விட்டிருக்கிறார்? அவருக்குச் சொல் வரேல்லையோ?”

“இல்லையம்மா. அது என்ர இடம்.”

“அப்ப ஏன் நீங்கள் எழுதேல்லை?”

நான் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அவள் டெனிஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, மறுபடி தமிழுக்கு வந்தாள். “அப்பா போய் ஒரு வருசம் ஆகப்போகுது, ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் மூண்டு கிழமை இருக்கு. அண்டைக்குப் பிள்ளையளுக்கு இதை வாசிச்சுக் காட்டப்போறன். ஆத்தங்கரையில நிண்ட ஆக்கள் தப்பினவையோ எண்டு கேப்பினம். நான் என்ன சொல்லுறது?”

“உன்ர அப்பான்ர கொப்பியில நான் எப்பிடியம்மா எழுதுறது?”

“அவர்தானே இடம் விட்டிருக்கிறார்” என்றாள். உன்னைப் போலவே கதவில் கையை வைத்துக்கொண்டு.

மூன்று நாளாகக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். செத்தவனின் கொப்பியில் கை வைப்பது சரியா? ஒருமுறை எழுதிக் கெடுத்தவன் மறுமுறை எழுதலாமா? நேற்று பிரெடெரிசியா நகரத்துக் கடையில் அன்று தொலைபேசியில் சண்டை பிடித்த அதே தகப்பனைக் கண்டேன். இப்போது கோலோடு நடக்கிறார். உருளைக்கிழங்குப் பையைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, “மாஸ்ரர், சிவம் எழுதின அந்தக் குதிரைக்காரர், அவை பிறகு என்ன செய்தவை?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் ஒரு கரையில் நின்றவர்தானே. “இன்னும் நிக்கினம், அண்ணை” என்றேன்.

அதே கடையில் நீலப் பேனை ஒன்று வாங்கினேன்.

இன்று காலை ஆறாவது கொப்பியின் கடைசிப் புள்ளிக்கோட்டைத் திறந்தேன். மற்றக் கோடுகளைத் தொடவில்லை. அவை நீ காத்திருந்த இடங்கள், அப்படியே இருக்கட்டும். அந்தக் கடைசிக் கோட்டில் வாத்தி சொன்னதை நீதான் முதலில் கேட்க வேண்டும்:

‘“உதாரணத்துக்கு, ஒருத்தன் இருந்தான். சனம் உதவி கேட்டு நிண்டது. ஊர்வாய்க்குப் பயந்து இல்லை எண்டு சொல்லிப்போட்டான். அவன்ர சிநேகிதன் ஏன் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. குதிரைக்குத் தண்ணி காட்டிக்கொண்டு கரையிலயே இருந்தான். அந்த உதாரணம் நான்தான். இவ்வளவு நாள் இருக்க வைச்சதுக்கு என்னை மன்னியுங்கோ. ஓம். நான் வாறன்.”’

மை காய்ந்ததும் இன்னொரு முறை வாசித்துப் பார்த்தேன். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

உனக்கு வாக்குத் தருகிறேன். திவசத்தன்று வைலேக்கு வந்து, உன் பேரப்பிள்ளைகளை முன்னால் இருத்தி, ஆறு கொப்பிகளையும் நானே வாசிப்பேன். அவர்கள் டெனிஷில் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். நால்வரின் குரலையும் உன்னைப் போலவே சொல்லிப் பார்க்கிறேன். சனம் ஆற்றைக் கடந்து, கடைசிக் குழந்தையும் அக்கரையில் இறங்குகிற வரைக்கும், வாத்தியும் நானும் கரையை விட்டு அசைய மாட்டோம்.

இனி நீ பனியை விழவிடலாம், சிவம்.

உன்னோடு பிறக்காத உன் அண்ணன்,
கூட்டத்தின் ஐந்தாவது ஆள்