புது சிஸ்டம் ஏறிவிட்டது

என் அன்பு வாலுப்பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், எங்களைவிடக் கம்ப்யூட்டர் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். கம்ப்யூட்டரைச் சும்மா இழுக்கவில்லை, கதை இருக்கிறது. டாக்டரம்மா பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை வீட்டிலிருந்தே டைப் அடித்துத் தருகிறேன் அல்லவா, கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் ஏற்றாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து அந்த ஃபைல்கள் திறக்காது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஏற்றாவிட்டால் என் வேலை போச்சு. ஏற்றினேன். பாதிவரை சமர்த்தாகப் போய், தானே அணைந்து எழுந்து, நிறுவ முடியவில்லை, பழைய நிலைக்கே திரும்புகிறேன் என்றது. மறுபடியும் அதே பாட்டு. இடம் போதவில்லையோ என்று உன் கல்லூரி வீடியோக்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன், எதையும் அழிக்கவில்லை, பயப்படாதே. வைரஸ் தடுப்பை நிறுத்தினேன். அப்பா தன் பங்குக்கு, சூடாயிருக்கும், கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தார். சிஸ்டம் அசையவில்லை. இத்தனை வருஷம் அடிச்சது போதாதா, விட்டுடேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும் என்று உனக்குத் தெரியும்.

அந்தக் கோபத்தில், திரையில் காட்டிய பிழை எண்ணைப் போனில் போட்டுத் தேடினேன். வெளியே செருகியிருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு முயலுங்கள் என்று இருந்தது. பிரிண்டர், கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் கழற்றினேன், ஒன்றைத் தவிர. நீ வெளிநாடு கிளம்பிய அன்று பின்பக்கம் ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டு, அதைத் தொடாதீங்கம்மா என்று சொல்லிக் குளிக்கப் போனாயே, அது அங்கேயே இருக்கிறது. அப்பா தூசி தட்டினாலும் அதைச் சுற்றித்தான் தட்டுவார். உன் அலுவலக ரகசியம் ஏதோ இருக்கிறது என்று எங்களுக்கு நினைப்பு. உன்னைக் கேட்கலாம் என்று போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. வருவது வரட்டும் என்று பிடுங்கினேன், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முறை சிஸ்டம் கடகடவென்று ஏறி முடிந்தது. பிறகு அந்த டிரைவைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு சினிமாப் பாட்டு. அது காப்பி ஆகும்வரை தொடாதீங்க என்றுதான் சொல்லியிருக்கிறாய், கிளம்பும் அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டாய். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணாகிவிட்டது.

மறுநாள் டாக்டரம்மாவின் குரல் காதில் கேட்டதும் எப்படி இருந்தது தெரியுமா, வழக்கம்போல் பாதி வார்த்தையை விழுங்கினார், அதுவும் இனித்தது. என்னோடு டைப் அடிக்கிறவர்களில் பலருக்கு இன்னும் ஏறவில்லையாம், என்னிடம் யோசனை கேட்டுப் போன் மேல் போன். முதுகுப்பக்கம் என்ன செருகியிருக்கிறது பாருங்கள் என்று பெரிய இன்ஜினியர் மாதிரிச் சொல்கிறேன், விட்டுடேன் என்ற அப்பா காப்பி கொண்டுவந்து வைக்கிறார். ஒன்று சொல்கிறேன், நீயும் கேட்டுக்கொள். நான் வேலையை விடுகிற நாள் ஒருநாள் வரும், அதை நான்தான் சொல்வேன், ஒரு பெட்டி சொல்லக் கூடாது.

நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு கண்ணே. காதை மூடாமல் குளிரில் வெளியே போகாதே. டாக்டரம்மாவின் ஃபைல் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

வேலையில் இருக்கும்
உன் அம்மா