வெள்ளிக்கிழமை டேப்

அன்பு மகளுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையின் முதுகுவலி குறைந்ததா? கடிதத்தை ‘நான்’ என்று தொடங்கினால் நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவே முதலில் உங்களை விசாரித்துக்கொண்டேன்.

போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்பாவும் சித்தப்பாவும் ஆரம்பித்த நம் ஆபீஸுக்குப் புது சர்வர்கள் வந்துவிட்டன. வரைவாளர்கள் ஏழு பேருக்கும் புதிய வொர்க்ஸ்டேஷன்கள். பழைய கம்ப்யூட்டரில் ஒரு பாலத்தின் வரைபடம் திறப்பதற்குள் அவர்கள் காபி குடித்து டம்ளரைக் கழுவியும் வைத்துவிடுவார்கள். இப்போது விரலை எடுப்பதற்குள் திறக்கிறது. காபி குடிக்க நேரமே இல்லையே என்று அதற்கும் முணுமுணுக்கிறார்கள். நம் பழைய சர்வருக்கு அவர்கள் ‘தாத்தா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தாத்தாவுக்கு மூச்சு வாங்குது, தாத்தா தூங்கிட்டார் என்று தினமும் கேலி. அதற்கு வயது எட்டு. எட்டு வயதுக்கே தாத்தா என்றால் எழுபத்து நான்கு வயதுக்காரியை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று ஒருநாள் கேட்டேன். எல்லோரும் குனிந்து வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் ‘ஹெட்மிஸ்ட்ரஸ்’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

சாமான்கள் போன புதன்கிழமை காலை வந்தன. பத்தொன்பது பெட்டிகள். லிஃப்டில் பெரிய பெட்டி நுழையவில்லை. நான்கு பேர் படியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உன் சித்தப்பா சைட்டுக்குப் போயிருந்தார். ஆர்டரில் கையெழுத்துப் போட்டவள் நான்தானே, ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டு டிக் செய்துதான் உள்ளே விட்டேன். பொருத்த வந்தவள் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். இடுப்பில் ஸ்க்ரூடிரைவர், வாயில் சூயிங்கம். அதைத் துப்பிவிட்டு வரச் சொன்னேன். துப்பிவிட்டு வந்தாள். அதிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு மின்சார வயர். ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்றாள். ஆனால் இரண்டையும் ஒரே ப்ளக் போர்டில் செருகியிருந்தாள். போர்டே போய்விட்டால் இரண்டு வயர் இருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். பிறகு சிரித்துக்கொண்டே ஒன்றைப் பிடுங்கி எதிர்ச் சுவரில் இருந்த வேறு லைனில் மாற்றினாள். உன் அப்பா இருந்திருந்தால் இதைப் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பார். சொல்லிக்கொள்ள எனக்கு யாரும் இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன், பெருமைக்காக இல்லை.

மத்தியானத்துக்குள் பழைய சர்வரில் இருந்ததை எல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டாள். சரியாக வந்திருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். கம்ப்யூட்டரே சொல்லுகிறது என்றாள். தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை. என்னிடம் தினமும் நகல் எடுத்து வைக்கும் டேப் இருக்கிறது, அதைப் போட்டு ஒப்பிட்டுப் பார் என்றேன்.

உனக்குத் தெரியும், அந்த டேப்புகள் என் பொறுப்பு. உன் அப்பா கற்றுக்கொடுத்த வேலை. காலை எட்டு மணிக்கு நேற்றையதை எடுத்து, இன்றையதைப் போட்டு, நோட்டில் தேதி எழுதிக் கையெழுத்து. சர்வர் அறையின் குளிருக்காக அவருடைய ஸ்வெட்டரை அங்கே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை டேப்பை மட்டும் சாயங்காலமே எடுத்துவிடுவேன்; அது என்னோடு வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை திரும்பப் போகும். பஸ்ஸில் கைப்பையை மடியிலிருந்து இறக்கமாட்டேன். நாளைக்கே ஆபீஸ் எரிந்து சாம்பலானாலும் அத்தனை பேருடைய உழைப்பும் என் பீரோவில், மடித்த துணிகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில் சனி, ஞாயிறு போய்விடும். வீட்டில் நான் தனியாக இல்லாதது போல இருக்கும்.

திங்கள் முதல் வியாழன் வரை நான்கு, வெள்ளிக்கு முறைவைத்து நான்கு, ஆக எட்டு டேப்புகளையும் கிழமை வரிசையில் மேஜைமேல் அடுக்கி வைத்தேன். அந்தப் பெண் தன்னுடைய கருவியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். முதல் டேப்பில் கடைசித் தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது. உன் கருவிதான் கோளாறு என்றேன். இரண்டாவதைப் போட்டாள். எட்டாவதையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டாள். எல்லாவற்றிலும் அதே பழைய வருடம்தான். அப்புறம், கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “அம்மா, உங்க டிரைவ் டேப்பை உள்ள வாங்கும், வெளிய தள்ளும், அவ்வளவுதான். எழுதுறதை எப்பவோ நிறுத்திடுச்சு. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

வரைவாளர்கள் ஏழு பேரும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்போது தெரிந்துகொண்டேன், அவர்களுக்கெல்லாம் தெரியும்.

சாயங்காலம் உன் சித்தப்பா வந்தார். வேலை எதுவும் தொலைந்துபோகவில்லையாம். இத்தனை நாளும் இன்டர்நெட் வழியாக வேறோர் இடத்தில் தானாகவே சேமித்துக்கொண்டு வந்திருக்கிறது. சந்தோஷம், அதைச் செய்யாமல் விட்டிருந்தால்தான் கோபித்திருப்பேன் என்றேன். பின் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மனிதர் செருப்பைக் கழற்றி மாட்டி, மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“பாப்பாதான் சொல்லுச்சு அண்ணி. காலையில கெளம்பி வர்றதுக்கு அம்மாவுக்கு ஒரு வேலை வேணும், அதை எடுத்துடாதீங்க சித்தப்பான்னு. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.”

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. அப்பா போன மூன்றாம் வாரம் நீ விமானம் ஏற வேண்டும், நான் தனியாக இருக்க வேண்டும். உனக்குத் தெரிந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போனாய். அது அன்பு என்று எனக்குப் புரிகிறது. புரியாதது ஒன்றுதான். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் போனை எடுத்தவுடன் உன் முதல் கேள்வி, “வெள்ளிக்கிழமை டேப் வந்துடுச்சாம்மா?” நானும் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி வந்துவிட்டது, பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் குடும்பத்தில் என்னோடு ஆபீஸ் விஷயம் பேச இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தேன். போன ஞாயிறு நீ அதைக் கேட்கவில்லை. சித்தப்பா உன்னிடம் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. அதை விட்டால் நாம் பேசிக்கொள்ள வேறு எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது.

சித்தப்பா வேறு ஒரு வேலை தருவதாகச் சொன்னார். புது சர்வரில் கழற்றி மாட்டும் டிஸ்க் இருக்கிறதாம், வாரம் ஒருமுறை நான் மாற்றலாமாம். அந்தப் பெண் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கேயே நின்று யோசித்து உண்டாக்கிய வேலை என்று எனக்குத் தெரியாதா? ஒரு தடவை போதும் தம்பி என்று சொல்லிவிட்டு சர்வர் அறைச் சாவியை மேஜைமேல் வைத்தேன். பங்குதாரர் என்ற முறையில் கையெழுத்து வேண்டியபோது வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வீட்டிலேயே இருந்துவிட்டேன். திங்கட்கிழமை ஆறரைக்குக் குளித்துத் தயாராகிவிட்டேன். பழக்கம். ஏழேகாலுக்குக் கதவைப் பூட்டி, பஸ் நிறுத்தம்வரை நடந்து, வழக்கமாக ஏறும் பஸ் வந்து நின்று போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கண்டக்டர் படியிலிருந்து கையைக் காட்டி, வரலையா என்று கேட்டார். வேறு வேலை இருக்கிறது என்றேன். செவ்வாயும் போனேன். இன்று போகவில்லை.

என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யாதே. பக்கத்து வீட்டுக்காரியிடம் போன் செய்து என்னை எட்டிப் பார்க்கச் சொல்லாதே. எனக்குச் சமைக்கவும் நடக்கவும் படிக்கவும் தெரியும். இனி என்னிடம் ஏதாவது கேட்பதானால், உனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியதைக் கேள். எவ்வளவு சின்ன விஷயமானாலும் சரி.

நீ வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உனக்கு இந்த வருடம் எந்த மாதம் விடுமுறை என்று மட்டும் எழுது.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,

உன் அம்மா