ஆள் மாறிப் போன நன்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் கிருபைக்கு இன்னும் கீழ்ப்படியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருக்க நான் இரண்டு வேளை ஜெபிக்கிறேன், அம்மா மூன்று வேளை. போனில் பேசினால் அவள் பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான், கூட்டிப் பார்த்தால் இருபதாம் வகுப்பு ஆகிறது, எழுத்துப் பிழை இருந்தால் அதிகப் படிப்பின் கோளாறு என்று பொறுத்துக்கொள். உன் அப்பா சபையில் பண்ணின கூத்தை அம்மா வாயால் கேட்பதற்கு முன்னால் என் கையால் படித்துவிடு, அவள் சொன்னால் மானம் மிச்சமிருக்காது.

நம் சபையில் சுவிட்ச் அண்ணன் இருக்கிறாரே, வெல்டிங் பட்டறைக்காரர், ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் ஒரு மணி நேரம் முன்னால் வந்து கதவைத் திறந்து நூற்றிருபது நாற்காலியையும் வரிசையாகப் போட்டுவிட்டு, முன்வரிசையில் சுவிட்ச் போர்டுக்குக் கீழே உட்கார்ந்து ஃபேனையும் லைட்டையும் கவனித்துக்கொள்கிறவர், அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன். ஆஸ்பத்திரி என் கண்ணாடிக் கடைக்கு எதிரிலேயே இருப்பதால் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "சபை சார்பா நீங்கதான் போய்ப் பார்த்து ஜெபம் பண்ணணும், சும்மா ஆப்பிளை வெச்சிட்டு வந்துடாதீங்க, அவர் செஞ்சதையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துச் சொல்லி நன்றி சொல்லுங்க, ஒரு நாளாவது நம்மள்ல யாராச்சும் சொல்லியிருக்கோமா" என்றார். ஊழியம் கிடைத்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதனால் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு மென்று விழுங்கிவிட்டேன். எனக்கு அவர் முகம் தெரியாது.

சிரிக்காதே. நான் முதல் பாட்டு முடிந்த பிறகு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்காருகிறவன், ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் முதல் ஆளாகச் செருப்பைத் தேடுகிறவன். அவரோ எல்லாருக்கும் முன்னால் வந்து எல்லாருக்கும் பின்னால் போகிறவர். ஏழு வருஷமாக நான் பார்த்ததெல்லாம் அவருடைய பின்மண்டையைத்தான். அதில் இரட்டைச் சுழி உண்டு, பிரசங்கம் நீளும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், அதைச் சந்தைக் கூட்டத்தில் பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். பேரைச் சொல்லிக் கேட்டுப் போகலாமே என்பாய், சுவிட்ச் அண்ணன் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரிந்தால்தானே? வார்டில் நர்ஸிடம் ஹெர்னியாக்காரர் எங்கே என்றேன். "ஜன்னல் பக்கம் ஒண்ணு, தூண் பக்கம் ஒண்ணு, சட்டுனு பாத்துட்டுக் கெளம்புங்க" என்று ஊசியோடு ஓடிவிட்டாள். ஜன்னல் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், முறுக்கின மீசை, இரும்படிக்கிறவர் மாதிரி கை, மல்லாந்து படுத்திருந்தார், சுழி இருக்கிறதா இல்லையா என்பது தலையணைக்குத்தான் வெளிச்சம். அண்ணே, சபையிலிருந்து வருகிறேன் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். போதாதா? முடிவு பண்ணிவிட்டேன்.

மூன்று நாள் சாயங்காலம் போனேன் மகளே, அம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு. மழை ஒழுகின ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு நாற்காலியாகத் துடைத்தது, பாட்டி ஒருத்தி மயங்கி விழுந்தபோது தூக்கிக்கொண்டு ஓடினது, எல்லாம் சொன்னேன். உன் கல்யாணத்தன்று மைக் ஒயர் லூசாக இருந்ததால் ஆராதனை முடியும்வரை திரைக்குப் பின்னால் குந்தி அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாராம், சாப்பாட்டுக்குப் போனபோது இலையில் வைக்கச் சோறு மட்டும்தான் இருந்ததாம், அது அம்மாவுக்கே அப்புறம்தான் தெரியுமாம். அதைச் சொல்லும்போது இன்னொரு ஆப்பிளையும் எடுத்து வைத்தேன். உங்களால்தான் எங்களுக்குக் காற்றே வருகிறது என்றேன். அவர் ஒரு மாதிரி விழித்தார். என்ன தாழ்மை என்று நினைத்துக்கொண்டேன். ஜெபம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து ஆமென் சொன்னார், அதையும் ஆழ்ந்த பக்தி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனால் முதல் பாட்டு முடிந்தும் பாதி நாற்காலி அடுக்கினபடியே இருக்கிறது, ஒன்றை இழுத்தால் நாலு சேர்ந்து வருகிறது, ஃபேனுக்கு அழுத்தினால் வாசல் லைட் எரிகிறது. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நேற்று சுவிட்ச் அண்ணனைப் பார்க்கப் போனதாகவும் அவர் சபைச் சாவியைக் கையில் கொடுத்து, "வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க பாஸ்டர், இத்தனை நாளா ஒரு ஆள் எட்டிப் பார்க்கல, அங்க என்னை யாருக்குத் தெரியும்" என்று சொன்னதாகவும் சொன்னார். மூன்று நாள் போனேன், ஆறு ஆப்பிள் சாட்சி என்றேன். பாவியைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஒரு நல்ல மனுஷன் என்னால் சபையை விட்டே போகப் போகிறாரே என்று செருப்பைக்கூடத் தேடவில்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஜன்னல்காரரிடம் நீங்கள் சுவிட்ச் அண்ணன்தானே என்றேன். "நான் பஸ் கண்டக்டருங்க. ஆஸ்பத்திரியிலயே ஜெபத்துக்கும் ஆள் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். காத்து வருதுன்னீங்க, பஸ்ஸுல ஜன்னல் தெறந்து விடுவேன், அதைச் சொல்றீங்களாக்கும்னு எடுத்துக்கிட்டேன்" என்றார். அந்த நேரம் தூண் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தை வெடுக்கென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்த்தேன், இரட்டைச் சுழி! கோபித்துக்கொண்டதால்தான் ஆள் அகப்பட்டார். மூன்று நாளும் நாலு எட்டுத் தள்ளிப் படுத்துக்கொண்டு தனக்கு வர வேண்டிய நன்றி அடுத்த கட்டிலுக்குப் போவதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். "மூஞ்சியே தெரியாத ஆள்கிட்ட நான்தான் அவன்னு சாட்சி வெச்சு நிரூபிக்கணுமா" என்றார் திரும்பாமலே. நானும் அந்தப் பின்மண்டையிடமே மன்னிப்புக் கேட்டேன், எனக்குப் பழக்கப்பட்ட பக்கம்தானே. அவர் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார். அப்போது கண்டக்டர் எழுந்து உட்கார்ந்து, "அண்ணே, உங்க சரக்கு மூணு நாளா எங்கிட்ட இருக்கு, எறங்குறதுக்கு முன்னாடி வாங்கிக்குங்க. முப்பது வருஷத்துல எனக்கு ஒருத்தன் நன்றி சொன்னதில்ல, அதான் திருப்பிக் குடுக்க மனசு வரல" என்று ஆரம்பித்து, மழை, நாற்காலி, பாட்டி, உன் கல்யாண ஒயர் வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். சோறு மட்டும் மிச்சமிருந்த இடத்துக்கு வந்தபோது சுவிட்ச் அண்ணன் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரசமும் இருந்துச்சுங்க" என்றார். நர்ஸ் வந்து, தையல் பிரிந்தால் யார் பதில் சொல்வது என்று என்னை வெளியே துரத்தினாள். போகிறபோது அவர் என்னைக் கூப்பிட்டு, "எனக்காச்சும் வீட்ல ஆள் இருக்கு, கண்டக்டருக்கு நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க, அவரை விட்டுடாதீங்க" என்றார். விடவில்லை, தினமும் இரண்டு கட்டிலுக்கும் போனேன், ஆப்பிள்தான் இரட்டிப்பானது.

சுவிட்ச் அண்ணனுக்குக் கோபம் போய்விட்டது, ஆனால் மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பாஸ்டர் சாவியை யாரிடம் கொடுத்தார் என்று நினைக்கிறாய்? போன ஞாயிற்றுக்கிழமை ஏழு வருஷத்தில் முதல் தடவையாக உன் அப்பா முதல் பாட்டுக்கு முன்னால் சபையில் இருந்தான். நூற்றிருபது நாற்காலி, முதுகு விட்டுப் போயிற்று. வந்தவர்கள் நாற்காலியெல்லாம் தரையிலிருந்து தானாக முளைத்த மாதிரி உட்கார்ந்தார்கள், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கே கோபம் வந்தது. அப்போது சுவிட்ச் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்தார். சுற்றிலும் பார்த்தார். "ரெண்டாவது வரிசை கோணல். ஆனா ஒழுகுற எடத்துல நாற்காலி போடாம விட்டீங்க பாருங்க, அது எல்லாருக்கும் தோணாது. நல்லாப் பண்ணியிருக்கீங்கண்ணே" என்றார். உண்மையில் அங்கே போட நாற்காலி பற்றவில்லை. ஆனாலும் கண்டக்டர் மாதிரி நானும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அன்று பிரசங்கம் முடியும்வரை தூங்கவில்லை மகளே, அம்மா சாட்சி.

குளிரில் காதைக் கட்டிக்கொள். மாப்பிள்ளையைச் சாப்பிடும்போது போனைப் பார்க்க விடாதே. ஆண்டவர் உங்கள் மூவருடைய போக்கையும் வரத்தையும் காத்து, கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மறக்காதே, அங்கே ஆராதனை நேரத்தில் குட்டிப் பயலை மடியில் வைத்துக்கொள்கிற ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னாயே, அவர்களுக்கு இந்த வாரமே நேரில் போய் நன்றி சொல். வாய் நிறையச் சொல். சொல்வதற்கு முன்னால் ஆள் அவர்கள்தானா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
(மூன்று மாதத்துக்குச் சாவிக்காரன்)